தராசு பிடித்த குதிரைக்காரன்

வெளிப்படுத்தின விசேஷத்தில் நான்கு குதிரைகள் வருகின்றன. வெள்ளைக் குதிரைமேல் வருகிறவன் யார், சிவப்புக் குதிரை எந்த நாட்டுப் படை என்று கன்வென்ஷன் பந்தல்களில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். மூன்றாவதாக வரும் கறுப்புக் குதிரையைப் ‘பஞ்சம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எனக்கோ அந்தப் புத்தகத்தில் நின்று பார்க்கத் தோன்றுவது அந்தக் குதிரையைத்தான். அதில் ஏறி வருகிறவன் கையில் வாளும் இல்லை, வில்லும் இல்லை, தராசு இருக்கிறது. கூடவே ஒரு குரல் விலை சொல்லிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் கூலி முழுவதையும் கொடுத்தால் கோதுமை ஒரு படிதான் கிடைக்குமாம். வாற்கோதுமை என்றால் மூன்று படி. எண்ணெய்க்கும் திராட்சை ரசத்துக்கும் மட்டும் சேதம் வரக் கூடாதாம்.

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரி ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டினால் உரையாசிரியர் யாரும் தேவைப்பட மாட்டார்கள். மானாவாரிப் பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி வானத்தைப் பார்த்து நிற்கிற ஊர்கள். அவர் உடனே கணக்குப் போடுவார்: ஒரு படி ஒரு ஆளுக்குச் சரி, வீட்டில் இருக்கிற மற்ற வாய்களுக்கு? அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் சொல்லும் அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர். அக்காலத்தில் ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாடு. நல்ல காலத்தில் அதே கூலிக்கு அதைப்போல் எட்டு முதல் பதினாறு மடங்கு தானியம் வாங்கலாம் என்று உரையாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கோதுமையை விட்டு வாற்கோதுமைக்கு இறங்கினால் மூன்று வாய் நனையும். எங்கள் ஊரில் நெல்லை விட்டுக் குதிரைவாலிக்கும் கம்புக்கும் இறங்கியதைப் போல. தானியத்துக்குத் தட்டுப்பாடு; பணக்காரத் தோட்டத்தின் எண்ணெயும் ரசமும் தப்பிக்கின்றன. தானியமே இல்லை என்று அந்தக் குரல் சொல்லவில்லை. விலை இவ்வளவு என்றுதான் சொல்கிறது.

இந்த இரண்டு வசனங்களை வைத்துக்கொண்டே கிறிஸ்தவ உலகத்தின் கடைசிக்கால வியாக்கியானச் சண்டை முழுவதையும் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் நடந்து முடிந்த சங்கதி என்பார் ஒரு சாரார். கி.பி. 92ஆம் ஆண்டு வாக்கில் ரோமப் பேரரசன் தொமித்தியன், தானியம் குறைகிறதே என்று மாகாணங்களின் திராட்சைத் தோட்டங்களில் பாதியை வெட்டச் சொன்னான். தோட்டக்காரர்கள் கூச்சலிட்டதும் ஆணை அமலாகாமல் போயிற்று. ரசத்துக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொண்டது யார் என்று ரோமரின் ஆசியா மாகாணத்துச் சபைகளுக்கு அன்றைக்கே தெரியும்; யோவான் எழுதியது அவர்களுக்குத்தான் என்பது இவர்கள் கட்சி. அடுத்த சாரார், குதிரைகளை வெளிவிடும் முத்திரைகள் வரலாறு நெடுக ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே வருகின்றன என்பவர்கள். லூத்தர் காலத்திலிருந்து புரட்டஸ்டன்ட் உலகத்தில் கோலோச்சிய முறை இது. 1844இல் பெரும் உரை எழுதிய ஆங்கிலேய குருவானவர் எலியட்டுக்குக் கறுப்புக் குதிரை என்பது ரோமப் பேரரசன் காரகல்லா காலத்து வரிச்சுமை. மூன்றாம் சாரார், எதுவுமே இன்னும் தொடங்கவில்லை, எல்லாம் இனிமேல்தான் என்பார்கள். சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு வரும் ஏழு வருட உபத்திரவத்தில்தான் இந்தக் குதிரை ஓடும். இன்று தமிழ்ப் பெந்தெகொஸ்தே மேடைகளில் கேட்பது பெரும்பாலும் இதுதான். நான்காமவர்களுக்கு ஆண்டும் தேதியும் கிடையாது. எந்தப் பேரரசு வந்தாலும் அந்தத் தராசு கூடவே வரும் என்கிறார்கள்.

ஆயிரம் வருட அரசாட்சி தனி வழக்கு. கிறிஸ்து வந்த பிறகு பூமியில் ஆயிரம் வருடம் ஆளுவாரா, அல்லது ஆயிரம் வருடம் உலகம் திருந்திய பிறகு வருவாரா, அல்லது சபையின் காலம்தான் அந்த ஆயிரமா? மூன்றாவது அகுஸ்தினாரின் முடிவு; கத்தோலிக்கம் அதன்மேல்தான் நிற்கிறது. இரண்டாவது, 18, 19ஆம் நூற்றாண்டு மிஷன் சங்கங்களுக்குப் பெருமளவு ஊக்கம் கொடுத்த நம்பிக்கை. திருநெல்வேலிச் சீமையெங்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கட்டிய மிஷனரி ஐயர்மாரில் பலர் உலகம் மெல்ல மெல்ல வெளுத்துவிடும் என்று நம்பி வந்தவர்கள். முதலாவது, உலகம் வெளுக்காது, கறுத்துக்கொண்டேதான் போகும் என்பவர்களுடையது.

இந்த வகைப்பாடுகள் எந்த இறையியல் கல்லூரியிலும் கிடைக்கும். கரிசல் காட்டுக்குள் இவை எந்த வழியாக வந்தன என்பது அங்கே கிடைப்பது குறைவு.

முதலில் வந்தது கத்தோலிக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா கோயில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் பணியாற்றிய தலம். ஆகஸ்டு 15இல் தேர் ஓடும்போது சாதி சமயம் பார்க்காமல் சுற்றுவட்டாரச் சனம் வந்து, தேருக்குப் பின்னால் கும்பிடு சேவை செய்து புரள்கிறது. மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாள் அது. இதை விசுவாசக் கோட்பாடாகப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தது 1950இல்தான். காமநாயக்கன்பட்டிக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தேர் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மனுசியின் உடம்பு, உழைத்துத் தேய்ந்த உடம்பு, அப்படியே மேலே போயிற்று என்பதைத் தவிரக் கடைசிக்காலத்தைப் பற்றி அந்தத் தேர் வேறெதுவும் சொல்லவில்லை. கணக்கு இல்லை, தேதி இல்லை. ஆனாலும் கத்தோலிக்கரிடம் பயம் இல்லையென்று சொல்ல முடியாது. 1999 டிசம்பரில் மூன்று நாள் இருட்டு வரப்போகிறது என்ற பேச்சில் மந்திரித்த மெழுகுத்திரி வாங்கிப் பத்திரப்படுத்தியவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். கோயில் சொல்லாததை வதந்தி சொல்லிக்கொடுத்தது.

இரண்டாவது வழி பாளையங்கோட்டை. 1820இல் அங்கே வந்த ஜெர்மானியர் ரேனியஸ் ஐயர் நடத்திய செமினரியில் படித்தவர் அருளப்பன். 1810இல் பிறந்தவர். 1830களில் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே வந்தார். எக்ஸிட்டரில் பல் வைத்தியராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். அதை உதறிவிட்டு பாக்தாதுக்குப் போய், கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தவர். பிரதரன் இயக்கத்தின் முதல் ஆட்களில் ஒருவர். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார், ஆகவே சம்பளமும் சொத்தும் எதற்கு என்பது அவர் வாழ்க்கை. அவரோடு நடந்த அருளப்பன், எந்த மிஷன் சங்கத்திலும் சம்பளம் வாங்குவதில்லை என்று தீர்மானித்து, 1840இல் வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரையே அமைத்தார். உலகம் முடியப்போகிறது என்று நம்பியவர் ஊர் அமைக்கிறார். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை; எனக்கும் தோன்றவில்லை.

1860இல் அந்தக் கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமை முழுக்கப் பரவியது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் நடந்த எழுப்புதல்களின் செய்தி அருளப்பனுக்கு முன்பே எட்டியிருந்தது. அழுகை, பாவ அறிக்கை, அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் இருந்தன. அமெரிக்காவின் அசுசா தெருவில் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறந்ததாகச் சொல்லப்படும் 1906க்கு 46 ஆண்டுகள் முன்பே. அந்த எழுப்புதல் நடந்த ஆண்டுகளிலேயே அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வராமல் போக, கரிசல் பருத்திக்கு என்றும் இல்லாத விலை கிடைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பொதி ஏறிக்கொண்டிருக்கிறது. ஜெபவீடுகளில் சனம் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து யாராவது எழுத வேண்டும்.

அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939இல் புத்தகமாக்கிய ஜி. எச். லேங், எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளப்பட மாட்டார்கள், விழித்திருப்பவர்கள் மட்டும்தான் என்று எழுதித் தன் பிரதரன் கூட்டத்தாரையே பகைத்துக்கொண்டவர். தமிழ் உபதேசியாருக்கு வாய்த்த பதிப்பாசிரியரும் கடைசிக்காலச் சண்டைக்காரர்தான்.

எழுப்புதல் மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனபோது தேதி முளைத்தது. யூஸ்தூஸ் யோசேப்பு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். விதுவான் குட்டி என்றால் கேரளத்தில் தெரியும். அவர் எழுதிய பாடல்களை மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். 1875இல் அவர் தொடங்கிய யுயோமயச் சபை, ஐந்தரை வருடத்தில், அதாவது 1881இல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தது. ஊர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் அஞ்சரை வேதக்காரர்கள். 1881 வந்தது, போனது. அந்தச் சபை சாதிப் பிரிவினையைக் களையப் பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போவது அநியாயம். முடிவு பக்கத்தில் இருக்கிறது என்று நம்பினவர்களுக்குத்தான் சாதியை விட மனசு வந்தது. காலம் நிறையக் கிடக்கிறது என்று நினைத்த பெரிய சபைகளில் தனித்தனி இருக்கைகளும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும் நீடித்தன.

தேதி தவறிய இன்னொரு கூட்டமும் இந்தச் சீமைக்கு வந்து சேர்ந்தது. நியூயார்க் மாகாணத்து விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை வருடங்களாக்கிக் கணக்குப் பார்த்ததில் தொடங்கிய இயக்கம், 1844 அக்டோபர் 22ஐக் குறித்தது. நியூ இப்ஸ்விச் ஊரில் லெனார்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற சம்சாரி, ஆண்டவர் வரப்போகையில் அறுப்பு எதற்கு என்று உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவிட்டார். ஆண்டவர் வரவில்லை. அந்த ஆண்டு முன்கூட்டித் தோண்டியவர்களின் கிழங்கெல்லாம் அழுகிப்போக, இவருடையது மட்டும் தப்பி நல்ல விலைக்குப் போயிற்று. ஏமாந்த அந்தக் கூட்டத்தின் மிச்சத்திலிருந்துதான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை எழுந்தது. தேதி சரி, நிகழ்ச்சிதான் வேறு, அன்றைக்குப் பரலோகத்தில் நியாயத்தீர்ப்பு வேலை தொடங்கியது என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். 1908இல் அவர்களுடைய மிஷனரி ஜேம்ஸ் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்துக்கு வந்ததற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்கிறவர்கள் இருந்ததுதான். மிஷனரிமாரோடு மோதிக்கொண்டு வெளியேறிய சட்டாம்பிள்ளை 1857இல் அமைத்த இந்துச் சபையார் அவர்கள். வெள்ளைக்காரன் தயவில்லாமல் வேதத்தை நேரே வாசித்துச் சனிக்கிழமைக்குப் போனவர்களைத் தேடி, அமெரிக்காவில் சனிக்கிழமைக்குப் போனவர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். தேதி தவறியும் பிழைத்த கூட்டங்கள் எல்லாம் ஏதாவது கட்டியிருக்கின்றன.

பிறகு இலங்கையிலிருந்து, 1920களில் கேரளத்துக்காரரான பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். வெள்ளுடை, விசுவாச வீடு, மருந்து எடுக்காமை, ஊழியர்களுக்குத் துறவு, மறுமையிலும் சீயோன், புதிய எருசலேம் என்று படிகள். இன்னொரு பக்கம் முக்கூடல் அருகே ஓடைமறிச்சானில் மனுஜோதி ஆசிரமம் அமைத்த பாலாசீர் லாறி. சுவிசேஷகராகத் தொடங்கி, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் பிரன்ஹாமின் தாக்கத்துக்கு உள்ளாகி, கடைசியில் கிறிஸ்துவின் வருகையும் கல்கி அவதாரமும் ஒன்றே என்று சொல்லி, அந்த அவதாரமாகவே தம் அடியார்களால் ஏற்கப்பட்டவர். 1989இல் காலமானார். வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கியிருந்த இடம் அது.

இத்தனை வழிகளில் வந்தவற்றில் இன்று சனங்கள் நடுவில் வென்று நிற்பது ஒன்றுதான்: 1830களில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த முறை. சபை ஒருநாள் சத்தமில்லாமல் மேலே எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை. பின்னால் அந்திக்கிறிஸ்துவின் ஏழு வருடம். பிறகு எல்லாக் கண்ணும் பார்க்கும் பகிரங்க வருகை. 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் இதை உலகமெங்கும் கொண்டுபோயின. 1948இல் இஸ்ரேல் பிறந்ததும் இதன் கை ஓங்கிவிட்டது. 1918இல் அமெரிக்கர் கிளாரன்ஸ் லார்கின் இதையே வரைபடங்களாகப் போட்டார். பொறியாளராக இருந்து போதகரானவர். கோடு வளையம் எல்லாம் துல்லியமாக இருக்கும்.

அந்த வரைபடத்தின் தமிழ்ப் பிள்ளைகளில் ஒன்றைக் கோவில்பட்டியில், கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சிறிய சபையின் வேதபாட வகுப்பில் பார்த்தேன். துணியில் பெயிண்டால் எழுதி, மேலும் கீழும் மூங்கில் கம்பு செருகி, ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஏதேன், ஒரு மரம், ஒரு பாம்பு. அங்கிருந்து ஏழு வளைவுகள். நடுவில் சிலுவை. அதற்குப் பிறகு ‘சபையின் காலம்’ என்று நீண்ட வெற்று வெளி. அதன் முடிவில் மேல்நோக்கி ஓர் அம்பு. அதையொட்டிச் சீமைச்சுண்ணாம்பு நிறத்தில் பொடிப்பொடியாக மனிதர்கள் பறக்கிறார்கள். பிறகு மூன்றரை, மூன்றரை என்று வெட்டிய பெட்டி. அதற்குள் ஏழு தலை மிருகம். கீழ்நோக்கி ஓர் அம்பு. ஆயிரம் என்று எழுதிய தங்கநிறக் கட்டம். வலது மூலையில் சிவப்புப் பெயிண்ட் வழிந்து காய்ந்த அக்கினிக் கடல். எருசலேம், ரோமாபுரி, பாபிலோன், மெகிதோ எல்லாம் எழுதியிருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள். மருந்துக் கறை படிந்த விரலைப் படத்தின் பக்கம் நீட்டி ஒரு வயதான அம்மா கேட்டார்:

“பாஸ்டரையா, இதுல நம்ம ஊரு எங்க வருது?”

“இது லோகம் முழுக்கத்தானம்மா. நம்மளும் அதுக்குள்ளதான்.”

“அப்ப இந்த வெறும் இடத்துலயா?”

சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். ஆனால் அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி. அந்தப் படத்தில் நாம் இருக்கும் இடம் வெற்றிடம். சிலுவைக்கும் அம்புக்கும் நடுவில் இரண்டாயிரம் வருடமாக ஒன்றும் நடக்கவில்லை. வரைந்தவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. டார்பியின் முறையே அப்படித்தான். தீர்க்கதரிசனக் கடிகாரம் இஸ்ரேலுக்கு மட்டும்தான் ஓடும். சபையின் காலத்தில் அது நின்றுபோயிருக்கிறது.

அந்த வெற்றிடத்துக்குள்தான் தாது வருஷம் இருக்கிறது. 1876இல் மழை பொய்த்து 1878 வரை நீண்ட பஞ்சம். அதே 1876இல்தான் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பஞ்சத்தை மேற்பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரண வேலைக்குக் கூலி நிர்ணயித்தார்: ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்றால் 450 கிராம். கறுப்புக் குதிரைக்காரன் விலை சொன்ன ஒரு படி கோதுமை அதைவிடக் கனம். அந்த அணாவைப் பஞ்ச விலையில் தானியமாக்கிச் சேர்த்தால்கூட ஒரு ஆள் வயிறு நிறையுமா என்பது சந்தேகம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதவே போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும் என்று சண்டை போட்டுக் கொஞ்சம் கூட்டவைத்தார். அதே 1877–78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை கப்பலேறியது. தானியம் இருந்தது. விலையும் சொல்லப்பட்டது. எண்ணெய்க்கும் ரசத்துக்கும் சேதம் வரவில்லை.

யோவான் கண்ட காட்சி அட்சரம் பிசகாமல் நிறைவேறிய இடமென்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் எருசலேமைக் காட்ட மாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள் என்பதைத்தான் நம் திருச்சபை வரலாறுகள் பெருமையோடு எழுதுகின்றன. அவர்கள் எந்தக் குதிரைக்குத் தப்பி வந்தார்கள் என்று எழுதுவதில்லை.

இதில் நமக்கு அண்டையிலேயே ஒரு மாற்று இருந்தது. அருளப்பனுக்கு ஒரு வயது மூத்தவர் அய்யா வைகுண்டர். கிறிஸ்தியான்பேட்டை அமைந்ததற்கு மறு ஆண்டு, 1841இல் அவர் வழியினரின் வேதமான அகிலத்திரட்டு அம்மானை உருவாயிற்று. அதுவும் ஒரு யுகமுடிவு நூல்தான். கலி அழியும், தர்மயுகம் வரும் என்கிறது. ஆனால் அதில் வில்லன் தூர தேசத்து மிருகமல்ல. வரிமேல் வரி போட்ட திருவிதாங்கூர் அரசன் கலிநீசன், வெள்ளைக்காரன் வெண்நீசன். தராசு யார் கையில் இருக்கிறது என்று அந்த நூலுக்குத் தெரியும். யோவானுக்கும் தெரிந்துதான் இருந்தது. பாபிலோன் என்று அவர் எழுதினால் ஆசியாச் சபைகளுக்கு ரோம் என்று விளங்கியது. தமிழ்க் கிறிஸ்தவத்துக்குத்தான் அந்தப் பெயர் சொல்லும் துணிச்சல் கூடிவரவில்லை. மிஷனரி தயவில் இருந்தபோது கலெக்டரை மிருகம் என்று எப்படிச் சொல்வது? பிறகு வந்த வரைபடமோ ரஷ்யாவைக் காட்டியது, ஐரோப்பியப் பொதுச் சந்தையைக் காட்டியது, பார்கோடைக் காட்டியது. ஆதார் அட்டை வந்தபோது மிசோரத்தில் சிலர் அதை மிருகத்தின் முத்திரை என்று மறுத்தார்கள்.

இதற்காகப் பெந்தெகொஸ்தே சபைகளை மட்டும் குறை சொன்னால் நான் பாதிதான் சொன்னவனாவேன். தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறுதோறும் உயிரோடிருப்பவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க வருவார் என்று எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். அட்வென்ட் ஞாயிறு அவருடைய இரண்டாம் வருகையையும் நினைக்க வைத்த நாள். அன்றைய பிரசங்கம் பத்தாவது நிமிடத்தில் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பிடிப்பதில் வந்து நிற்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தை ஐயர் தொட மாட்டார். தொட்டால் விவகாரம் என்று செமினரியிலேயே படித்துவிட்டு வருகிறார். கத்தோலிக்கத்திலும் கல்லறைத் திருநாளுக்கு மேல் பேச்சு போவதில்லை. பெரிய சபைகள் பூட்டி வைத்த புத்தகத்தைத்தான் மாடிச் சபைகள் திறந்து வைத்திருக்கின்றன. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் பெண்ணுக்கு, ஒருநாள் முதலாளி கீழே நிற்க நீ மேலே போவாய் என்று சொல்லும் ஒரே இடம் அதுதான். அவளுக்குப் பொதுச் சந்தையும் வேண்டாம், மெகிதோவும் வேண்டாம். அந்த மேல்நோக்கிய அம்பு போதும். அதைப் பிடுங்கிக்கொண்டு அகுஸ்தினாரைக் கொடுப்பது அக்கிரமம்.

என் சாய்வு நான்காவது சாரார் பக்கம். எந்தக் காலத்துக்கும் அந்தத் தராசு உண்டு என்பவர்கள் பக்கம். ஆனாலும் அவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எப்போதும் நடப்பது என்று சொல்லிவிட்டால் யார் மேலும் கோபம் வராது. பஞ்சம் பருவநிலைபோல் ஆகிவிடுகிறது. நடந்து முடிந்தது என்பவர்களிடம் தொமித்தியன் என்று ஒரு பெயராவது இருக்கிறது. இனிமேல்தான் என்பவர்களிடம் ஒரு நியாயத்தீர்ப்பாவது இருக்கிறது. பெயரும் வேண்டும், தீர்ப்பும் வேண்டும். தராசு பிடித்திருப்பவன் யார் என்று சொல்லாமல் விடும் எந்த வியாக்கியானமும் கரிசலுக்கு உதவாது. அது எத்தனை கிரேக்கம் படித்தவர் எழுதியதானாலும் சரி.

ஐயர்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகையில், உளுந்தும் கம்பும் பூசணிக்காயும் பலிபீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும்போது, வழக்கமான சங்கீதத்தோடு வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்தின் ஐந்தாம், ஆறாம் வசனங்களையும் வாசியுங்கள். வாசித்துவிட்டு, ஏலம் தொடங்குவதற்கு முன் இரண்டு விலையைச் சபையில் கேளுங்கள்: இந்த வருடம் சம்சாரி உளுந்தை என்ன விலைக்குப் போட்டார், அதே உளுந்தைக் கடையில் என்ன விலைக்கு வாங்குகிறார். பாஸ்டர்மாருக்கும் ஒன்று. உங்கள் துணிப்படத்தில் சிலுவைக்கும் அம்புக்கும் நடுவில் இடம் நிறைய இருக்கிறது. அதில் 1877 என்று எழுதி, பக்கத்தில் ஒரு தராசு வரைந்துவிடுங்கள்.